வாசிக்கப் பழக்குவதா, பேச விடுவதா? இரண்டு வயதுப் பிள்ளைக்கு எது முதலில்

என் மகளுக்கு 22 மாதம் ஆனபோது முப்பது சொல் அட்டைகள் தெரியும். வெள்ளை அட்டையில் பெரிய சிவப்பு எழுத்தில் 'பந்து' என்று இருக்கும். தூக்கிக் காட்டினால் "பத்தூ" என்பாள். வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அதைக் காட்டிப் பெருமைப்பட்டோம். ஒருநாள் மாலை அவளுடைய பந்து கட்டிலுக்கு அடியில் உருண்டு போய்விட்டது. குனிந்து பார்த்தாள். என் விரலைப் பிடித்து இழுத்தாள். கட்டிலைக் காட்டி அழுதாள். அந்தச் சொல் மட்டும் வாயில் வரவில்லை. அன்று காலையில் அட்டையைப் பார்த்து அதையே சொன்னவள்தான். பந்தை எடுத்துக் கொடுக்கக்கூடத் தோன்றாமல் சிறிது நேரம் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அட்டைகளை விற்றவர், "வாசிக்கத் தொடங்கினால் பேச்சு தானாகவே ஓடி வரும்" என்று சொல்லியிருந்தார். பேச்சு சற்றுத் தாமதமாகும் பிள்ளையின் பெற்றோருக்கு அதைவிட இனிப்பான வாக்கியம் கிடையாது. அந்த வாக்கியம் உண்மையா என்று தேடத் தொடங்கியதன் விளைவு இந்தக் கட்டுரை. ஒன்றிலிருந்து மூன்று வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்காகப் பெற்றோர் முன் வைக்கப்படும் வழிகள் பெரும்பாலும் ஐந்து: சொல் அட்டைகள், வீடியோக்களும் செயலிகளும், எழுத்தொலி வகுப்புகள், பிள்ளையோடு சேர்ந்து படப்புத்தகம் பார்ப்பது, பேச்சுப் பயிற்சியாளரின் உதவி. ஐந்தும் ஒரே வேலையைச் செய்வது போலத்தான் விளம்பரங்களில் தெரியும். உண்மையில் ஒவ்வொன்றும் வெவ்வேறு வேலையைச் செய்கிறது. சில எதையுமே செய்வதில்லை.

முதலில் அட்டைகள். இந்த முறைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர் அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் நிறுவனம் நடத்திய கிளென் டோமன். 1964-இல் வெளியான அவருடைய புத்தகத்திலிருந்து இந்த வழக்கம் உலகமெங்கும் பரவியது. பெரிய சிவப்பு எழுத்து, வேகமாகக் காட்டுவது, ஒரு நாளில் பலமுறை காட்டுவது, எழுத்தைப் பிரிக்காமல் சொல்லை முழுதாகக் காட்டுவது ஆகியவையே இதன் அடிப்படை. பிள்ளைகள் அட்டைகளை அடையாளம் கண்டுகொள்வது பொய்யல்ல. என் மகளும் கண்டுகொண்டாள். ஆனால் அவள் கண்டுகொண்டது என்ன? சந்தேகம் வந்த அன்று ஒரு தாளில் 'பந்தல்' என்று சிவப்பு மையில் எழுதிக் காட்டினேன். "பத்தூ" என்றாள். அதே 'பந்து' என்ற சொல்லைக் கதைப்புத்தகத்தில் சிறிய கறுப்பு எழுத்தில் காட்டினேன். பேசாமல் பக்கத்தைப் புரட்டினாள். அவள் வாசிக்கவில்லை, ஒரு கோலத்தின் வடிவத்தை நினைவில் வைத்திருந்தாள். அவ்வளவுதான்.

இதில் கெடுதல் என்ன என்று கேட்கலாம். அட்டையால் கெடுதல் இல்லை. அட்டை காட்டும்போது நடக்கும் உரையாடலின் திசைதான் பிரச்சினை. பெரியவர் காட்டுகிறார், பிள்ளை பெயர் சொல்கிறது, பெரியவர் கைதட்டுகிறார். பேச்சு என்பது பெயர் சொல்வது மட்டும் அல்லவே. வேண்டும் என்று கேட்க, வேண்டாம் என்று மறுக்க, அம்மாவைக் கூப்பிட, பறந்து போகும் காக்கையைப் பார் என்று காட்ட, அப்பா எங்கே என்று விசாரிக்க என்று ஒரு சிறு பிள்ளைக்குச் சொல்லால் ஆகவேண்டிய காரியங்கள் எத்தனையோ இருக்கின்றன. பேச்சுப் பயிற்சியாளர்கள் சொற்களை எண்ணுவதோடு நிறுத்துவதில்லை. அந்தச் சொற்களால் பிள்ளை என்ன காரியம் செய்கிறது என்று பார்ப்பார்கள். அட்டை இந்தக் காரியங்களில் ஒன்றே ஒன்றை மட்டும் பழக்குகிறது, அதுவும் நாம் கேட்கும்போது மட்டும். கட்டிலுக்கு அடியில் போன பந்துக்கு அது உதவாது.

இரண்டாவது, வீடியோக்களும் செயலிகளும். ஆராய்ச்சிகளின் தீர்ப்பு மிகத் தெளிவாக இருப்பது இங்கேதான். பெற்றோர் மிக அதிகமாக ஏமாறுவதும் இங்கேதான். 'யுவர் பேபி கேன் ரீட்' என்ற வீடியோத் தொகுப்பு, ஒன்பது மாதக் குழந்தைகூட வாசிக்கத் தொடங்கிவிடும் என்ற விளம்பரத்தோடு அமெரிக்காவில் பெரிய அளவில் விற்றது. அந்த விளம்பரங்களுக்கு ஆதாரம் இல்லை என்று ஏமாற்று விளம்பரங்களைக் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2012-இல் வழக்குத் தொடுத்தது. நிறுவனத்தின் மீது 18.5 கோடி டாலருக்குத் தீர்ப்பாயிற்று. அதில் மிகச் சிறிய பகுதியைத் தவிர மற்றதைக் கட்டும் நிலையில் அது இல்லை. 2014-இல் வெளியான ஓர் ஆய்வு இதே வகைத் தொகுப்பு ஒன்றை 9 முதல் 18 மாதம் வரையான 117 குழந்தைகளிடம் சோதித்தது. ஒரு பகுதியினருக்குத் தொகுப்பு தரப்பட்டது, மற்றவர்களுக்குத் தரப்படவில்லை. ஏழு மாதம் கழித்து 14 வகை அளவீடுகளில் 13-இல் இரு குழுவுக்கும் வேறுபாடு இல்லை. வேறுபாடு தென்பட்ட அந்த ஒன்று, பெற்றோரின் நம்பிக்கை: தொகுப்பைப் பயன்படுத்தியவர்கள் தங்கள் குழந்தை வாசிக்கக் கற்றுக்கொள்கிறது என்று நம்பினார்கள்.

இதைப் படித்தபோது என் முகத்தில் யாரோ தண்ணீர் தெளித்தது போல இருந்தது. நாங்களும் அப்படித்தானே நம்பினோம்.

2010-இல் ஜூடி டெலோச் என்ற உளவியலாளரின் குழு 12 முதல் 18 மாதக் குழந்தைகளிடம் செய்த ஆய்வும் இதையே சொல்கிறது. சில குழந்தைகள் நான்கு வாரம் சொல் கற்பிக்கும் வீடியோவைப் பார்த்தார்கள். இன்னொரு குழுவில் வீடியோவே இல்லை. அதே சொற்களை அன்றாட வேலைகளுக்கு நடுவே தோதுபட்டபோது சொல்லிக் கொடுங்கள் என்று பெற்றோரிடம் கேட்டுக்கொண்டார்கள். அதிகச் சொற்களைக் கற்றவர்கள் இரண்டாவது குழுவினர். வீடியோ பார்த்தவர்கள், ஒன்றுமே செய்யாமல் விடப்பட்ட குழந்தைகளைவிட அதிகமாக எதையும் கற்கவில்லை. ஏன் இப்படி? 2003-இல் பாட்ரிசியா கூல் என்ற மொழி ஆய்வாளர் நடத்திய சோதனையில் ஒரு விளக்கம் கிடைக்கிறது. ஆங்கிலச் சூழலில் வளரும் ஒன்பது மாதக் குழந்தைகளோடு சீன மொழி பேசுபவர்கள் 12 முறை நேரில் உட்கார்ந்து விளையாடிப் பேசினார்கள். அந்தக் குழந்தைகள் சீன மொழிக்கே உரிய ஒலி வேறுபாட்டைப் பிரித்தறியக் கற்றுக்கொண்டார்கள். அதே ஆட்கள் அதே விஷயத்தைத் திரையில் பேசியபோது குழந்தைகள் எதையும் கற்கவில்லை. காது கேட்டால் மட்டும் போதவில்லை. எதிரில் இருப்பவர் தன்னைப் பார்த்து, தன் பார்வை போன இடத்தைப் பார்த்து, தனக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதில் ஒரு விலக்கு உண்டு; வெளியூரில் இருக்கும் தாத்தா பாட்டிகளுக்கு அது ஆறுதல் தரும். வீடியோ அழைப்பில், மறுமுனையில் இருப்பவர் பிள்ளையின் செயலுக்குத் தக்கபடி உடனுக்குடன் பதில் சொல்லும்போது இரண்டு வயதுப் பிள்ளைகள் புதுச் சொற்களைக் கற்றுக்கொள்வதை 2014-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. பதில் பேசும் முகம் இருந்தால் அதே திரை பயன்படுகிறது. செயலி எவ்வளவு வண்ணமாக இருந்தாலும் அதற்கு அந்த முகம் கிடையாது. இரண்டு வயது ஆகும் வரை திரையே வேண்டாம், அதற்கு மேல் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம், அதுவும் குறைந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியிருக்கிறது. ஆகவே இந்த வழியை நான் தயங்காமல் ஒதுக்கிவைப்பேன்.

எழுத்தொலி வகுப்புகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஃபோனிக்ஸ் என்று பலரும் குறிப்பிடும் இந்த முறை, எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பைப் படிப்படியாகக் கற்பிப்பது. பள்ளி வயதில் இது வலுவான முறை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் நாக்கு இன்னும் 'ர'வையும் 'ழ'வையும் பிடிக்காத வயதில், சொல்லுக்குள் இருக்கும் ஒலிகளைத் தனித்தனியே பிரித்துக் கேட்கும் பக்குவம் வராத வயதில், அந்த வகுப்புக்கு என்ன அவசரம்? 1986-இல் கஃப், டன்மர் என்ற இருவர் முன்வைத்த விளக்கம் ஒன்று உண்டு. எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதுதான் வாசிப்புத் திறன் என்பது அது. இரண்டில் ஒன்று சுழியமானால் விடையும் சுழியம். முதலாவதை ஐந்து ஆறு வயதில் நன்றாகக் கற்பித்துவிடலாம். இரண்டாவது, பேச்சு தொடங்கும் இந்த ஆண்டுகளிலிருந்தே சிறுகச் சிறுகச் சேர்ந்தால்தான் உண்டு. நியூசிலாந்தில் ஐந்து வயதில் வாசிப்பு தொடங்கியவர்களையும் ஏழு வயதில் தொடங்கியவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2013-இல் வெளிவந்தது. பதினொரு வயதுக்குள் பின்னவர்கள் எட்டிப் பிடித்துவிட்டார்கள்.

இனி, பிள்ளையோடு சேர்ந்து படப்புத்தகம் பார்ப்பது. பழைய விஷயம்தானே, நாங்கள் தினமும் செய்கிறோமே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் செய்யும் விதத்தில் பெரிய வேறுபாடு இருக்கிறது. 1988-இல் உளவியலாளர் குரோவர் வைட்ஹர்ஸ்டும் அவருடைய குழுவினரும் 21 முதல் 35 மாதம் வரையான பிள்ளைகளின் பெற்றோரை இரண்டாகப் பிரித்தார்கள். இரு பகுதியினரும் ஏறக்குறைய அதே எண்ணிக்கையில்தான் பிள்ளைகளுக்கு வாசித்தார்கள். ஒரு பகுதியினருக்கு மட்டும் வாசிக்கும் முறையில் சில மாற்றங்களைச் சொல்லித் தந்தார்கள்: ஆமாம், இல்லை என்று முடிந்துவிடும் கேள்விகளைக் குறைத்து, 'இது என்ன செய்கிறது' போன்ற கேள்விகளைக் கேளுங்கள், பிள்ளை சொன்னதை ஒரு சொல் கூட்டித் திருப்பிச் சொல்லுங்கள், பிள்ளை கதை சொல்ல, நீங்கள் கேளுங்கள். ஒரே மாதத்தில் அந்தப் பிள்ளைகள் பேச்சு வெளிப்பாட்டுத் தேர்வுகளில் மற்றவர்களை மாதக்கணக்கில் முந்தினார்கள். ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தபோதும், இடைவெளி குறைந்திருந்தாலும், முன்னணி அவர்களிடமே இருந்தது. புத்தகம் அதே புத்தகம், நேரமும் அதே நேரம். மாறியது யார் பேசுகிறார்கள் என்பதுதான்.

எங்கள் வீட்டில் அது நடந்த விதத்தைச் சொல்கிறேன். மேசைக்கு அடியில் பூனை ஒளிந்திருக்கும் ஒரு பக்கம். முன்பெல்லாம் நான் கீழே இருக்கும் இரண்டு வரியையும் வாசித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவேன். இப்போது வாசிக்காமல் காத்திருந்தேன். காத்திருப்பது எவ்வளவு கடினம் என்று செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மனத்துக்குள் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணினேன். எட்டு வந்தபோது அவள் விரல் பூனையின் வாலைத் தொட்டது. "பூன." "பூனை ஒளிந்திருக்கிறது" என்றேன். என் முகத்தைப் பார்த்தாள், மறுபடியும் வாலைத் தொட்டாள். "பூனையின் வால் தெரிகிறது." சிரித்தாள். அடுத்த பக்கத்துக்குப் போகவே இல்லை. அந்தப் பக்கத்திலேயே பதினைந்து நிமிடம் போயிற்று. நான்காம் நாள், நான் வாய் திறப்பதற்கு முன்பே "வால்" என்றாள். யாரும் அட்டை காட்டாமல், யாரும் கேட்காமல், தானாகச் சொன்ன சொல்.

இந்த வழிக்கும் குறைகள் உண்டு. நாள் முழுதும் வேலை செய்து களைத்து வரும் பெற்றோரிடம் பொறுமையைக் கேட்கிறது. முன்னேற்றத்தை யாரிடமும் காட்ட முடியாது. முப்பது அட்டை என்று எண்ணிச் சொல்வது போல இதில் எண்ணிக்கை இல்லை. பிள்ளை புத்தகத்தைத் தலைகீழாகப் பிடிக்கும், கடிக்கும், பாதியில் எழுந்து ஓடும். ஓடட்டும். ஐந்து நிமிடம் நடந்தாலும் அது முழுதாக நடந்ததுதான். ஒன்று மட்டும் சொல்வேன்: அச்சிட்ட சாதாரணப் புத்தகமே போதும், அதுவே மேல். 2019-இல் பெற்றோரும் இரண்டு வயதுப் பிள்ளையுமாக 37 இணைகளைக் கவனித்த ஓர் ஆய்வில், மின்புத்தகத்தை வைத்துக்கொண்டபோது இருவருமே குறைவாகப் பேசினார்கள். அழுத்தினால் சத்தமிடும் பூனை, பிள்ளை பேச வேண்டிய இடத்தைத் தானே எடுத்துக்கொள்கிறது.

ஐந்தாவது வழி பேச்சுப் பயிற்சியாளர். பலரும் இதைக் கடைசிப் புகலிடமாக நினைப்பதால் மாதங்கள் வீணாகின்றன. இந்த வயதில் பயிற்சி என்பது பெரும்பாலும் பிள்ளையை நாற்காலியில் உட்காரவைத்துச் சொல் சொல்லவைப்பதாக இருக்காது. வீட்டில் எப்படி விளையாடுகிறீர்கள், எப்படிக் காத்திருக்கிறீர்கள், பிள்ளையின் பார்வையை எப்படித் தொடர்கிறீர்கள் என்று பெற்றோருக்கே கற்றுத்தருவார்கள். பெற்றோர் வழியே தரப்படும் இத்தகைய பயிற்சி பற்றிய 18 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2011-ஆம் ஆண்டுக் கட்டுரை, அது பிள்ளைகளின் மொழியை முன்னேற்றுகிறது என்றே முடிவுக்கு வந்தது. அதாவது நான்காவது வழியும் ஐந்தாவது வழியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. ஒன்றில் நாமே நடக்கிறோம், மற்றொன்றில் அனுபவப்பட்டவர் ஒருவர் நம் கையைப் பிடித்து நடத்துகிறார்.

அப்படியானால் எதைத் தேர்ந்தெடுப்பது? உங்கள் பிள்ளையின் பேச்சு எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2022-இல் திருத்திய வளர்ச்சிப் பட்டியலின்படி, பெரும்பாலான பிள்ளைகள் 18 மாதத்தில் அம்மா, அப்பா தவிர மூன்று சொற்களையாவது சொல்ல முயல்வார்கள். இரண்டு வயதில் இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்வார்கள். ஆய்வாளர்கள் நெடுங்காலமாகக் கையாளும் அளவு இன்னும் கொஞ்சம் கறாரானது: இரண்டு வயதில் 50 சொற்களுக்குக் குறைவாக இருந்தாலோ, இரண்டு சொற்களைச் சேர்க்கத் தொடங்காவிட்டாலோ தாமதம் என்று கொள்கிறார்கள். உங்கள் பிள்ளை இந்த எல்லைகளைத் தாண்டிவிட்டதா? அப்படியென்றால் எந்தத் தொகுப்பும் தேவையில்லை, படப்புத்தகமும் உங்கள் நேரமும் போதும். அட்டைகளை ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா, பிள்ளைக்கும் அவை பிடித்திருக்கிறதா? விளையாட்டுப் பொருளாக வைத்துக்கொள்ளுங்கள், பாடமாக வேண்டாம்.

எல்லையைத் தாண்டவில்லை என்றால், வேறு எதற்கும் முன்னால் செவித்திறன் பரிசோதனை. பிறந்தவுடன் செய்த பரிசோதனையில் குறையில்லை என்று வந்திருந்தாலும் மறுபடி செய்ய வேண்டும். நடுக்காதில் நீர் கோத்துக்கொண்டால், தண்ணீருக்குள் இருந்து கேட்பது போலத்தான் பிள்ளைக்குப் பேச்சு கேட்கும். வெளியே பார்க்க ஒன்றும் தெரியாது. கூடவே பேச்சுப் பயிற்சியாளரைப் பார்ப்பதற்கு நாள் வாங்கிவிடுங்கள். தாமதமாகப் பேசும் பிள்ளைகளில் பலர் தானாகவே எட்டிப் பிடித்துவிடுகிறார்கள் என்பது உண்மை. யார் எட்டிப் பிடிப்பார், யார் பிடிக்கமாட்டார் என்று இரண்டு வயதில் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதும் அதே அளவு உண்மை. "ஆண் பிள்ளை அப்படித்தான், பொறுத்துப் பார்" என்று சொல்பவர்கள் அன்பால் சொல்கிறார்கள். அவர்களிடம் கோபப்பட வேண்டாம். பரிசோதனையை மட்டும் தள்ளிப்போட வேண்டாம்.

சொன்ன சொற்களைப் பிள்ளை இழக்கத் தொடங்கினால், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல் போனால், விரல் நீட்டி எதையும் காட்டாமல் இருந்தால், எந்த வயதானாலும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: யாரும் கற்பிக்காமலே எழுத்துகளிலும் எண்களிலும் பெரும் ஈடுபாடு காட்டி, பெயர்ப்பலகைகளைக்கூடச் சரளமாக வாசித்து, ஆனால் பேச்சால் யாரோடும் உறவாடாத சிறு பிள்ளைகள் இருக்கிறார்கள். ஹைப்பர்லெக்சியா என்று 1967 முதல் இதற்குப் பெயர் இருக்கிறது. ஆட்டிசத்தோடு சேர்ந்து வருவதும் உண்டு. ஊரார் மேதை என்று புகழும்போது பெற்றோர் பேச்சைக் கவனிக்கத் தவறிவிடுகிறார்கள். அந்த வாசிப்புத் திறனை மறைக்கவோ அடக்கவோ வேண்டியதில்லை, நல்ல பயிற்சியாளர் அதையே பேச்சுக்கு ஏணியாக்குவார். ஆனால் அவரிடம் போய்ச் சேர வேண்டும்.

வீட்டில் இரண்டு மொழி பேசுவதால் பேச்சு வரவில்லை, ஒன்றை விட்டுவிடுங்கள் என்று உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். விட வேண்டாம். இரண்டு மொழி பேச்சுத் தாமதத்துக்குக் காரணமாவதில்லை. இரு மொழிகளின் சொற்களையும் கூட்டித்தான் எண்ண வேண்டும்.

பயிற்சியாளரைப் பார்க்கப் போவதற்கு முன் ஒரு வாரம் பிள்ளையின் சொற்களைக் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். அவருக்கு அதைவிடப் பயனுள்ள பொருள் இல்லை. உச்சரிப்பு சரியாக இருக்க வேண்டியதில்லை. தண்ணீருக்கு எப்போதும் "தண்ணி" என்றோ "ண்ணி" என்றோ சொன்னால் அது ஒரு சொல். மாட்டுக்கு "ம்மா", நாய்க்கு "லொள்" என்பதும் சொல்தான். நீங்கள் சொன்னவுடன் கிளிப்பிள்ளை போலத் திருப்பிச் சொன்னது கணக்கில் வராது. பக்கத்தில் ஒவ்வொரு சொல்லையும் எதற்காகச் சொன்னது என்று எழுதுங்கள்: கேட்கவா, மறுக்கவா, காட்டவா, கூப்பிடவா. என் மகளின் முதல் வாரக் குறிப்பேட்டில் 19 சொற்கள் இருந்தன. 'பந்து' அதில் இல்லை. அட்டை இல்லாமல் அவள் அதைச் சொன்னதே இல்லை. பத்து வாரம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் அது இருக்கிறது, என் கணவரின் கையெழுத்தில், இரண்டு சொல்லாக: "பத்தூ எங்கே". பக்கத்தில், 'கேட்க' என்று எழுதியிருக்கிறார்.